குறைந்த பட்ஜெட் கேமிங் கணினிக்கு மதர்போர்டு: ஒரு நிகழ்வு ஆய்வு

## பின்னணி

கல்லூரி மாணவர் ஒருவர் பழைய அலுவலகக் கணினியை ஓரங்கட்டிவிட்டு, கேம் விளையாட ஒரு கணினியைத் தானே கட்ட முடிவு செய்தார். பாதிப் பாகங்கள் கையில் இருந்தன: 4 ஜிபி நினைவகம் உள்ள ஆர்எக்ஸ் 6500 எக்ஸ்டி கிராபிக்ஸ் கார்டு, 8 ஜிபி டிடிஆர்4 3200 ரேம் இரண்டு, 500 ஜிபி என்விஎம்இ எஸ்எஸ்டி, 550 வாட் பவர் சப்ளை, மைக்ரோ ஏடிஎக்ஸ் கேபினெட், 1080பி 144 ஹெர்ட்ஸ் மானிட்டர். வாங்க வேண்டியவை மதர்போர்டும் பிராசசரும்தான். இரண்டுக்கும் சேர்த்து ஒரே தொகை ஒதுக்கப்பட்டிருந்தது. அதற்கு மேல் போக வழியில்லை.

உதவிக்கு வந்தவர் மாணவரின் பெரியப்பா மகன். கணினி பழுதுபார்ப்பதுதான் அவருக்குத் தொழில். இந்த ஆய்வில் வரும் முடிவுகள் பெரும்பாலும் அவர் எடுத்தவை. சிலவற்றை மாணவர் மறுத்துப் பேசியும் இருக்கிறார்.

மாணவர் முதலில் போட்ட பட்டியலில் எக்ஸ்570 என்ற சிப்செட் (போர்டின் இணைப்புகளைக் கவனிக்கும் சில்லு) உள்ள ஒரு போர்டும் ரைசன் 5 5500 பிராசசரும் இருந்தன. போர்டின் விலை பிராசசரின் விலையைத் தாண்டியது. "அண்ணா, போர்டு நல்லதா போட்டுட்டா அப்புறமா பிராசசரை மட்டும் மாத்திக்கலாம்ல?" என்பது அவர் வாதம். கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்த ஜோடியில் ஒரு முட்டுக்கட்டை இருந்தது. அது போர்டில் இல்லை, பிராசசரில் இருந்தது.

## கையில் இருந்த கார்டு என்ன கேட்டது

ஆர்எக்ஸ் 6500 எக்ஸ்டி பார்ப்பதற்கு நீளமான 16 லேன் (தரவு போகும் பாதை) ஸ்லாட்டில் உட்காரும். ஆனால் அதில் வேலை செய்வது 4 லேன் மட்டுமே. பிசிஐஇ (கார்டையும் எஸ்எஸ்டியையும் போர்டோடு இணைக்கும் முறை) 4.0 ஸ்லாட்டில் நான்கு லேனும் சேர்ந்து வினாடிக்கு ஏறத்தாழ 7.9 ஜிபி தரவைக் கடத்தும். அதே கார்டை 3.0 ஸ்லாட்டில் செருகினால் அது 3.9 ஜிபியாகப் பாதியாகிவிடும். 16 லேன் உள்ள கார்டுக்கு இந்த வேறுபாடு பெரிதாகத் தெரியாது, ஏனென்றால் 3.0 வேகத்திலேயே அதற்கு 15 ஜிபிக்கு மேல் வழி கிடைக்கிறது. 4 லேன் கார்டுக்கு நெருக்கடி வருவது, அதன் சொந்த 4 ஜிபி நினைவகம் நிரம்பும்போது. அப்போது டெக்ஸ்சர் எனும் மேற்பரப்புப் படங்களைக் கணினியின் ரேமிலிருந்து பிசிஐஇ வழியாக இழுக்க வேண்டியிருக்கும். வழி குறுகலாக இருந்தால் சராசரி எஃப்பிஎஸ் (வினாடிக்கு வரும் படங்கள்) ஓரளவு குறையும். திடீர்த் தடங்கல்கள் நிறையக் கூடும்.

ஆகவே முதல் தேவை முடிவானது: கிராபிக்ஸ் ஸ்லாட்டுக்கு 4.0 வேகம் உண்மையிலேயே கிடைக்க வேண்டும். இதற்கு போர்டு 4.0-ஐத் தாங்கினால் மட்டும் போதாது, பிராசசரும் தாங்க வேண்டும். பலர் சறுக்குவது இந்த இடத்தில்தான். ரைசன் 5 5500, 5600 இரண்டும் 2022 ஏப்ரலில் வந்தவை, பெயரிலும் நெருக்கமானவை. ஆனால் 5500 உண்மையில் 5600ஜி வகைச் சில்லு, உள்ளே இருக்கும் கிராபிக்ஸை அணைத்து விற்கிறார்கள். அது 3.0 மட்டுமே தரும். எல்3 கேஷ் (பிராசசருக்குள்ளேயே இருக்கும் வேக நினைவகம்) 16 எம்பி. 5600-இல் 4.0 உண்டு, எல்3 கேஷ் 32 எம்பி. 5500-ஐ எக்ஸ்570-இல் போட்டாலும் கார்டு 3.0 வேகத்தில்தான் ஓடும். மாணவரின் பட்டியலில் போர்டுக்குக் கொடுக்கவிருந்த கூடுதல் பணம் இந்தக் கார்டுக்கு எந்தப் பயனும் தந்திருக்காது.

## எந்தெந்த வழிகள் பரிசீலிக்கப்பட்டன

ஏஎம்டியின் ஏஎம்5 சாக்கெட் (பிராசசர் உட்காரும் இடம்) முதலிலேயே விலக்கப்பட்டது. அந்த சாக்கெட் டிடிஆர்5 ரேமை மட்டுமே ஏற்கும். கையிலிருக்கும் ரேம் வீணாகும், புது ரேமுக்குப் பட்ஜெட்டில் இடமில்லை.

இன்டெல் பக்கம் 12400எஃப் பிராசசரோடு டிடிஆர்4 ஹெச்610 போர்டு உண்மையான போட்டியாக இருந்தது. ஹெச்610-இலும் கிராபிக்ஸ் ஸ்லாட்டுக்கு 4.0 கிடைக்கும். பார்த்த மலிவான ஹெச்610 போர்டுகளில் எம்.2 ஸ்லாட் (எஸ்எஸ்டி செருகும் இடம்) ஒன்றுதான், மின்சாரப் பகுதியில் ஹீட்சிங்க் (வெப்பத்தைக் கடத்தும் உலோகத் தகடு) இல்லை. பின்னாளில் அதிக வாட் இழுக்கும் பிராசசர் போட இடம் கொடுக்காது. பி660-க்குப் போனால் தொகை மீறியது. பிராசசரையே மாற்றப் போவதில்லை, ஒரே எஸ்எஸ்டி போதும் என்பவருக்கு ஹெச்610 தவறான தேர்வு இல்லை. இங்கே மாணவர் இரண்டாவது எஸ்எஸ்டி போடுவதில் உறுதியாக இருந்ததால் அது விலக்கப்பட்டது.

மிஞ்சியது 5600 உட்காரும் ஏஎம்4 சாக்கெட். அதில் ஏ520 சிப்செட் மலிவு, ஆனால் கிராபிக்ஸ் ஸ்லாட்டையும் சேர்த்து முழுக்க 3.0. பழைய பி450-உம் 3.0 தான். எக்ஸ்570-இல் சிப்செட் வழியாக வரும் ஸ்லாட்டுகளுக்கும் 4.0 உண்டு. ஆனால் இந்தக் கட்டமைப்பில் ஒரு கார்டும் ஒரு வேகமான எஸ்எஸ்டியும்தான் இருக்கின்றன, இரண்டுமே பிராசசரிலிருந்து நேராக லேன் பெறுபவை. பல எக்ஸ்570 போர்டுகளில் சிப்செட்டின் மேல் சிறு ஃபேன் ஒன்றும் சுழலும். தூசி பிடித்தால் முதலில் கத்துவது அதுதான். பி550-இல் கிராபிக்ஸ் ஸ்லாட்டுக்கும் முதல் எம்.2 ஸ்லாட்டுக்கும் 4.0, மற்றவற்றுக்கு 3.0. தேவைக்கு அளவெடுத்தது போல் பொருந்தியது.

## மூன்று பி550 போர்டுகள்

சிப்செட் முடிவானதும் வேலை முடிந்துவிடவில்லை. பி550 என்ற ஒரே பெயரில் விற்கும் மைக்ரோ ஏடிஎக்ஸ் போர்டுகளுக்குள்ளேயே பெரிய ஏற்றத்தாழ்வு உண்டு. மூன்று போர்டுகளின் விவரப் பக்கங்களும் கையேடுகளும் பக்கத்தில் பக்கமாக வைத்துப் பார்க்கப்பட்டன. அட்டைப்பெட்டியில் அச்சிட்டிருந்த விளம்பர வரிகளுக்கு மதிப்பு கொடுக்கப்படவில்லை.

முதல் போர்டு மிக மலிவு. பிராசசருக்கு மின்சாரம் சீராக்கித் தரும் விஆர்எம் பகுதி வெறுமையாக, ஹீட்சிங்க் இல்லாமல் இருந்தது. எம்.2 ஒன்று. பயாஸ் (போர்டின் அடிப்படை மென்பொருள்) ஏற்றும் ஃப்ளாஷ்பேக் பட்டன் இல்லை.

இரண்டாவதில் சாக்கெட்டின் இடப்பக்க விஆர்எம் மேல் திருகு வைத்து முடுக்கிய ஹீட்சிங்க், எம்.2 இரண்டு, ரேம் ஸ்லாட் நான்கு, பின்பக்கம் ஃப்ளாஷ்பேக் பட்டன், பிராசசருக்கு முழு 8 பின் மின் இணைப்பு, கோளாறு எங்கே என்று காட்டும் நான்கு சிறு விளக்குகள். வைஃபை இல்லை. கேபினெட்டின் முன்பக்க டைப்-சிக்கான இணைப்பும் இல்லை. கம்பி வழி நெட்வொர்க் 1 ஜிகாபிட்.

மூன்றாவதில் ஹீட்சிங்க் இரண்டு பக்கமும், வைஃபை, 2.5 ஜிகாபிட் கம்பி வழி நெட்வொர்க், சற்று மேலான ஆடியோ சிப்.

மூன்றாவதை எடுத்தால் 5600-ஐ விட்டு 5500-க்கு இறங்க வேண்டும். கார்டின் வேகமே அதில் அடிபடும் என்பதால் அது விலகியது. முதலாவதுக்கும் இரண்டாவதுக்கும் விலை வித்தியாசம் சிறிது. விஆர்எம் விஷயத்தில் மாணவர் எழுப்பிய கேள்வி சரியானது: 5600 வெறும் 65 வாட் பிராசசர், சாக்கெட்டில் அதிகபட்சம் 76 வாட்தானே இழுக்கும், அதற்கு எதற்கு ஹீட்சிங்க்? உண்மைதான். 5600-ஐ மாற்றாமல் வைத்திருப்பவருக்கு முதல் போர்டே ஓடும். ஆனால் 105 வாட் என்று குறிக்கப்படும் 5800எக்ஸ் போன்றவை 142 வாட் வரை இழுக்கும். வெறும் விஆர்எம் அந்தச் சுமையில் கொதித்து, தன்னைக் காத்துக்கொள்ள பிராசசரின் வேகத்தைச் சில நொடிகளுக்கு ஒருமுறை அரை கிகாஹெர்ட்ஸ் அளவுக்குத் தள்ளிவிடும். கேமில் அது படம் உறைந்து உறைந்து ஓடுவதாகத் தெரியும். அப்போது பலர் பழியைப் போடுவது கிராபிக்ஸ் கார்டின் மேல்.

மேல்பக்க விஆர்எம் வெறுமையாக இருந்தது குறையாக எடுத்துக்கொள்ளப்படவில்லை. அது எஸ்ஓசி பகுதிக்கானது, அதாவது உள் கிராபிக்ஸ் போன்றவற்றுக்கு. 5600-இல் உள் கிராபிக்ஸ் இல்லாததால் அங்கே சுமை குறைவு. 5600ஜி போல உள் கிராபிக்ஸை நம்பிக் கட்டுபவர் அந்தப் பக்கத்தையும் பார்க்க வேண்டும். பெட்டியில் போட்டிருக்கும் விஆர்எம் ஃபேஸ் (மின்சாரத்தைப் பங்கிடும் சுற்று) எண்ணிக்கையும் கணக்கில் எடுக்கப்படவில்லை. நான்கு ஃபேஸை இரட்டித்து எட்டு என்று எழுதுவது வழக்கம். கட்டுப்படுத்தும் சிப் எது, மாஸ்ஃபெட் (மின்சாரத்தைத் திறந்து மூடும் பாகம்) எத்தனை ஆம்பியர் தாங்கும் என்று பார்த்தால்தான் உண்மை தெரியும்.

இறுதியில் இரண்டாவது போர்டும் ரைசன் 5 5600-உம் வாங்கப்பட்டன. முடிவைச் சாய்த்தது ஃப்ளாஷ்பேக் பட்டன். பி550 போர்டுகள் 2020 ஜூனில் வந்தவை, 5600 வந்தது ஏறத்தாழ இரண்டு ஆண்டு கழித்து. கிடங்கில் தூங்கிய போர்டு வந்தால் அதிலுள்ள பழைய பயாஸ் இந்தப் பிராசசரை அடையாளம் காணாமல் போகலாம். வீட்டில் வேறு ஏஎம்4 பிராசசர் இல்லாதவருக்கு, பிராசசரே இல்லாமல் பயாஸ் ஏற்றும் வசதி காப்பீடு மாதிரி.

## பொருத்தியபோது நடந்தது

அந்தக் காப்பீடு முதல் நாளே தேவைப்பட்டது. பாகங்களைக் கேபினெட்டுக்குள் வைக்குமுன், போர்டை அதன் அட்டைப்பெட்டி மேல் வைத்து பிராசசர், கூலர், ரேம், கார்டு மட்டும் இணைத்து இயக்கிப் பார்த்தார்கள். ஃபேன் சுழன்றது, திரை இருட்டாகவே இருந்தது, சிபியு (பிராசசர்) விளக்கு அணையாமல் எரிந்தது. மானிட்டர் கேபிள் போர்டின் பின்பக்க எச்டிஎம்ஐயில் இருக்கிறதா என்று முதலில் பார்க்கப்பட்டது. உள் கிராபிக்ஸ் இல்லாத பிராசசருக்கு அந்தத் துளை வேலை செய்யாது. கேபிள் சரியாகக் கார்டில்தான் இருந்தது. பயாஸ் சிப்பின் மேல் ஒட்டியிருந்த தாளில் இருந்த பதிப்பு எண்ணை, நிறுவனத்தின் பிராசசர் ஆதரவுப் பட்டியலோடு ஒப்பிட்டபோது விஷயம் தெளிவானது. 5600-க்கு வேண்டிய குறைந்தபட்சப் பதிப்பைவிட அது பழையது.

ஃப்ளாஷ்பேக் முதல் முயற்சியில் பலிக்கவில்லை. பட்டனை அழுத்தியதும் விளக்கு சில முறை சிமிட்டிவிட்டு நின்றுபோனது. காரணம் பென் டிரைவ். 64 ஜிபி டிரைவ், எக்ஸ்ஃபேட் முறையில் வடிவமைக்கப்பட்டிருந்தது. போர்டு ஃபேட்32-ஐ மட்டுமே படிக்கும். 16 ஜிபி டிரைவ் ஒன்றை ஃபேட்32-ஆக மாற்றி, பயாஸ் கோப்பைக் கையேடு சொன்ன பெயருக்கு மாற்றி, துணைக்கோப்புறை எதற்குள்ளும் வைக்காமல் நேராக அதில் போட்டார்கள். விண்டோஸ் கோப்பின் பின்னொட்டை மறைத்துக் காட்டும் என்பதால், பெயர் மாற்றும்போது பின்னொட்டு இரட்டிக்காமல் பார்த்துக்கொள்ள வேண்டியிருந்தது. பின்பக்கத்தில் ஃப்ளாஷ்பேக்கிற்கென்று குறியிட்ட யுஎஸ்பி துளையில் டிரைவைச் செருகி, 24 பின், 8 பின் இரண்டும் இணைந்திருப்பதை உறுதி செய்து, பவர் சப்ளை சுவிட்சை மட்டும் போட்டு, பட்டனைச் சில நொடி அழுத்திப் பிடித்தார்கள். விளக்கு சீராகச் சிமிட்டிக்கொண்டே இருந்தது. தானாக அணையும்வரை யாரும் எதையும் தொடவில்லை. அதன்பின் இயக்கியதும் திரை வந்தது.

பதிப்பைத் தேர்ந்தெடுத்ததிலும் ஒரு யோசனை இருந்தது. 5600-க்குத் தேவையான குறைந்தபட்சப் பதிப்பை ஏற்றாமல், இறுதி செய்யப்பட்ட பதிப்புகளில் புதியதையே ஏற்றினார்கள். விண்டோஸ் 11-க்கு வேண்டிய எஃப்டிபிஎம் என்ற பாதுகாப்பு வசதி சில ரைசன் கணினிகளில் இடையிடையே திணறலை உண்டாக்குவதாக ஏஎம்டியே 2022 மார்ச்சில் ஒப்புக்கொண்டது. திருத்தம் அதற்குப் பிந்தைய பயாஸ்களில்தான் வந்தது. சோதனைப் பதிப்புகள் தவிர்க்கப்பட்டன.

மற்ற வேலைகளில் மூன்று மட்டும் குறிப்பிடத் தக்கவை. ரேம் இரண்டும் அடுத்தடுத்த ஸ்லாட்டுகளில் செருகப்பட்டிருந்ததால் ஒற்றைச் சேனலில் ஓடியது. பிராசசரிலிருந்து எண்ணி இரண்டாவது, நான்காவது ஸ்லாட்டுக்கு மாற்றியதும் சரியானது. ரேமின் வேகம் 2400 என்று காட்டியது. பயாஸில் எக்ஸ்எம்பியை (ரேமை அதற்குக் குறித்த வேகத்தில் ஓட்டும் அமைப்பு) இயக்கிய பின் 3200-க்கு வந்தது. மைக்ரோ ஏடிஎக்ஸ் போர்டுக்குத் தேவையில்லாத போர்டைத் தாங்கும் ஸ்டாண்ட்ஆஃப் திருகு ஒன்று கேபினெட்டில் முன்பே முடுக்கப்பட்டிருந்தது. போர்டின் பின்புறத்தில் பட்டு ஷார்ட் ஆகக்கூடிய இடம் அது, கழற்றப்பட்டது.

## அளந்து பார்த்ததில்

கார்டு 4.0-இல்தான் ஓடுகிறதா என்பதை ஜிபியு-இசட் மென்பொருளில் பார்த்தபோது 1.1 என்று காட்டியது, மாணவர் பதறிப்போனார். சும்மா இருக்கும்போது மின்சாரம் மிச்சப்படுத்த இணைப்பு வேகம் இறங்கிவிடும். அதே மென்பொருளின் சுமைச் சோதனையை ஓடவிட்டதும் 4 லேன், 4.0 என்று மாறியது.

பிறகு பயாஸில் கிராபிக்ஸ் ஸ்லாட்டை வேண்டுமென்றே 3.0-க்கு இறக்கி, ஒரே கேமின் ஒரே காட்சியை இரண்டு வேகத்திலும் ஓட்டிப் பார்த்தார்கள். டெக்ஸ்சர் மீடியத்தில் இருந்தவரை வேறுபாடு கண்ணுக்குத் தெரியவில்லை. ஹைக்கு ஏற்றியதும் நினைவகம் 4 ஜிபியைத் தொட்டது, 3.0-இல் கேமில் பார்வை திரும்பும்போதெல்லாம் படம் இடறியது, 4.0-இல் இடறல் குறைந்தது, முற்றாக மறையவில்லை. டெக்ஸ்சரை எப்போதும் குறைத்து வைத்து ஆடுபவருக்கும், 16 லேன் உள்ள ஆர்டிஎக்ஸ் 3060 போன்ற கார்டு வைத்திருப்பவருக்கும் ஏ520 போதுமானதாகவே இருந்திருக்கும். இந்தக் கார்டுக்குப் பி550 தேவைப்பட்டது கார்டின் குறையால்தான்.

பிராசசருக்குச் சுமை கொடுக்கும் சினிபெஞ்ச் மென்பொருளை அரை மணி நேரம் ஓடவிட்டபோது விஆர்எம் வெப்பம் 70 டிகிரிக்குள் நின்றது. பிராசசரின் மின் வரம்பை உயர்த்தும் பிபிஓ அணைக்கப்பட்டே இருந்தது.

## பின்னர் வந்த சிக்கல்கள்

சில மாதம் கழித்து, பிராசசரோடு வந்த கூலரின் இரைச்சல் பிடிக்காமல் மாணவர் உயரமான டவர் கூலர் போட்டார். ஏஎம்4-இல் பின்கள் பிராசசரின் அடியில் இருக்கின்றன. காய்ந்த தெர்மல் பேஸ்ட் ஒட்டிக்கொண்டால், கூலரைத் தூக்கும்போது பிராசசரும் சாக்கெட்டிலிருந்து பிய்த்துக்கொண்டு வரும், பின் வளையும். அதனால் கணினியைப் பத்து நிமிடம் சுமையில் ஓட்டிச் சூடாக்கி, அணைத்து, திருகுகளைத் தளர்த்தி, கூலரை இடவலமாக மெல்லத் திருகிய பிறகே தூக்கினார்கள். பழைய கூலர் நேராகப் பின்தகட்டில் முடுக்கப்படுவது. அதற்காக முன்பு கழற்றிய பிளாஸ்டிக் கொக்கிகள் புதிய கூலருக்குத் தேவைப்பட்டன. போர்டின் பெட்டியிலேயே போட்டு வைத்திருந்ததால் தப்பித்தார்கள்.

பிராசசரின் வெப்பம் இறங்கியது. விஆர்எம்மின் வெப்பம் ஏறி 80 டிகிரியைத் தாண்டியது. பழைய கூலர் காற்றைக் கீழ்நோக்கி ஊதியதால் சாக்கெட்டைச் சுற்றியிருந்த பாகங்களுக்கும் அது கிடைத்து வந்தது. டவர் கூலர் காற்றை அவற்றின் தலைக்கு மேலேயே கடத்திவிடுகிறது. ஆபத்தான வெப்பம் இல்லை, வேகமும் குறையவில்லை. ஆனாலும் கேபினெட்டின் பின்பக்கம் காலியாக இருந்த இடத்தில் 120 மில்லிமீட்டர் ஃபேன் ஒன்று வெளியேற்றும் திசையில் பொருத்தப்பட்டது. விஆர்எம் மறுபடி 70-களுக்கு இறங்கியது. முதல் போர்டை வாங்கியிருந்தால், ஹீட்சிங்க் இல்லாத அந்தப் பகுதி இந்த மாற்றத்தை இவ்வளவு எளிதாகத் தாங்கியிருக்காது என்பது உதவியவரின் கணிப்பு.

இன்னொன்று, பழைய சாட்டா எஸ்எஸ்டி (கேபிளில் இணையும் வகை) ஒன்று திடீரெனக் காணாமல் போனது. அப்போதுதான் இரண்டாவது எம்.2 ஸ்லாட்டில் புது எஸ்எஸ்டி செருகியிருந்தார். அந்த ஸ்லாட் நிரம்பினால் கடைசி இரண்டு சாட்டா துளைகள் வேலை செய்யாது என்று கையேட்டின் அடிக்குறிப்பில் இருந்தது. கேபிளை முதல் துளைக்கு மாற்றியதோடு முடிந்தது.

உண்மையில் தொல்லை கொடுத்தது வைஃபை. போர்டில் அது இல்லாததால் சிறிய யுஎஸ்பி வைஃபை குச்சி வாங்கி, பின்பக்கம் யுஎஸ்பி 3.0 ஹார்ட் டிஸ்க்குக்குப் பக்கத்தில் செருகியிருந்தார். டிஸ்க்கில் எதையாவது நகலெடுக்கும் நேரத்தில் ஆன்லைன் ஆட்டம் துண்டித்துத் துண்டித்து வந்தது. யுஎஸ்பி 3.0 கேபிளும் கனெக்டரும் கசியவிடும் மின்னிரைச்சல் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையிலேயே விழுகிறது. குச்சியை நீட்டிப்புக் கேபிளில் மாட்டி மேசைக்கு மேல் கொண்டுவந்து, ரவுட்டரை 5 கிகாஹெர்ட்ஸுக்கு மாற்றியதும் நின்றது.

## அடுத்த முறை மாறக்கூடியவை

இதே போர்டின் வைஃபை உள்ள வகையோ, குறைந்தது வைஃபை அட்டைக்கான ஈ-கீ ஸ்லாட் உள்ள போர்டோ தேர்ந்தெடுக்கப்படும். யுஎஸ்பி குச்சிக்கும் நீட்டிப்புக் கேபிளுக்கும் கொடுத்ததைக் கூட்டினால், அந்த வகைக்கான விலை வித்தியாசத்தின் பெரும்பகுதி வந்துவிட்டது. முன்பக்க டைப்-சி இணைப்பு இல்லாதது இன்றுவரை ஒருமுறைகூடக் குறையாகத் தெரியவில்லை. அதற்காகக் கூடுதல் பணம் தர வேண்டியதில்லை.

வாங்கும் இடத்திலேயே பெட்டியின் ஸ்டிக்கரில் பயாஸ் பதிப்பையோ தயாரிப்புத் தேதியையோ பார்ப்பது, ஃபேட்32 பென் டிரைவ் ஒன்றை முன்கூட்டியே தயாராக வைத்திருப்பது ஆகிய இரண்டும் வேலைப் பட்டியலில் சேர்க்கப்பட்டுள்ளன.

அடுத்த பிராசசர் 8 கோர் 5700எக்ஸ் என்று பேச்சு நடக்கிறது. அதுவும் 65 வாட் வகை, 76 வாட் வரம்புதான். ஏற்றிய பயாஸே போதும். 5800எக்ஸை நீண்ட நேரச் சுமைக்கு இந்தப் போர்டில் போட உதவியவர் ஒப்பவில்லை. அதற்கு முன் மாற வேண்டியது கார்டுதான் என்று இருவரும் ஒத்துக்கொண்டிருக்கிறார்கள்: 8 ஜிபி நினைவகமும் 8 லேனும் உள்ள ஆர்எக்ஸ் 6600. அது இழுப்பது 132 வாட் என்பதால் பவர் சப்ளையை மாற்ற வேண்டியதில்லை, ஆனால் 6 பின் இணைப்புக்குப் பதில் 8 பின் கேட்கும் மாடல்கள் அதில் உண்டு என்பதால் கேபிளில் மீதி இரண்டு பின் இருக்கிறதா என்று பார்த்து வைத்திருக்கிறார்கள். இருக்கிறது.